லாரி இன்ஜினில் பம்பு டைமிங்: அளந்து பார்த்து வைக்கும் முறை

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு லாரியும் சும்மா நிற்காது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் 250 ஏற்றினால் 10 டன். வயலோரத்து மண் சாலையிலிருந்து அந்தப் பாரத்தோடு தார்ச்சாலைக்கு ஏறும்போதுதான் இன்ஜினின் குறை எல்லாம் வெளியே தெரியும். "வண்டி இழுக்க மாட்டேங்குது, புகை தள்ளுது, டைமிங் கொஞ்சம் பார்த்துக் குடுங்கண்ணே" என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவற்றில் டைமிங், அதாவது டீசல் பம்பு அடிக்கும் நேரம், இருந்த இடத்திலேயேதான் இருக்கும். கோளாறு வேறெங்கோ.

யாரும் தொடாமல் டைமிங் நகர்வதற்கு வழிகள் குறைவு. பம்பை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கின் போல்ட் தளர்ந்திருக்க வேண்டும், கப்ளிங் தகடு கிழிந்திருக்க வேண்டும், பம்பின் கேமும் ரோலர் டாப்பெட்டும் தேய்ந்திருக்க வேண்டும், இல்லை அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் சோர்ந்திருக்க வேண்டும். மற்றபடி, கடைசியாகப் பம்பை இறக்கி ஏற்றியவர் எங்கே வைத்தாரோ அங்கேதான் நிற்கும். அதனால் ஸ்பானரை எடுத்ததும் கப்ளிங்கைத் தளர்த்துவது தப்பு. முதலில் இப்போது எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இங்கே சொல்வது இன்லைன் பம்பு, அதாவது டீசலை அழுத்தும் எலிமெண்ட் சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் பம்பு, உள்ள இன்ஜின்களுக்கு: மைக்கோ கம்பெனிப் பம்பு பூட்டிய பழைய டாடா, லேலண்ட் லாரிகள், அதே லேலண்ட் இன்ஜினோடு வயலில் ஓடும் கதிர் அறுக்கும் மிஷின்கள். காமன் ரெயில் வண்டிகளுக்கு இந்த வேலையே கிடையாது. அது ஏன் என்பது கடைசியில்.

டைமிங் என்று எதைச் சொல்கிறோம்

பிஸ்டன் கம்ப்ரெஷனில் ஏறி உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பம்பு டீசலை அழுத்தத் தொடங்குகிறது என்பதுதான் ஸ்டேட்டிக் டைமிங். உச்சி என்பது டி.டி.சி. டர்போ இல்லாத பழைய இன்ஜின்களில் இது ஏறக்குறைய 18 முதல் 26 டிகிரிக்குள் இருக்கும். புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பின்னால் வந்த டர்போ இன்ஜின்களில் இதைவிடக் குறைவு. உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு என்பதை இன்ஜின் பிளேட்டிலோ சர்வீஸ் புத்தகத்திலோதான் பார்க்க வேண்டும். ஒரே கம்பெனியின் இரண்டு இன்ஜின்களுக்குக்கூட எண் வேறாக இருக்கும். பக்கத்துப் பட்டறையில் சொன்ன எண் உங்கள் வண்டிக்கு உதவாது.

ஏன் முன்னாலேயே அடிக்க வேண்டும்? பம்பு அழுத்தத் தொடங்கியதும் அந்த அழுத்த அலை பைப் வழியாக, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போக வேண்டும். நாசில் ஊசி தூக்க வேண்டும். தெளித்த டீசல் சூடாகிப் பற்ற வேண்டும். இதற்கெல்லாம் நேரம் ஆகும். 2000 ஆர்.பி.எம்-ல் ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 12 டிகிரி திரும்பிவிடும். 600 ஆர்.பி.எம் ஐடிலிங்கில் அதே மில்லி செகண்டுக்கு 3.6 டிகிரிதான். வேகம் கூடக் கூட இன்னும் முன்னால் அடிக்க வேண்டியிருப்பதால்தான் சில பம்புகளில் கப்ளிங்குக்கும் பம்புக்கும் நடுவில் எடைக்குண்டு வைத்த அட்வான்ஸ் யூனிட் இருக்கிறது. ஆறு பைப்பும் ஒரே நீளத்தில் வளைத்து நெளித்துப் போட்டிருப்பதும் இதனால்தான். உடைந்த பைப்புக்குப் பதில் கையில் கிடைத்த குட்டைப் பைப்பைப் போட்டால் அந்த ஒரு சிலிண்டரின் டைமிங் மட்டும் தனியாகப் போய்விடும்.

அறிகுறி: டைமிங்கா, வேறா

பைப் மாறாத வரை டைமிங் கோளாறு ஆறு சிலிண்டருக்கும் ஒன்றாகத்தான் வரும். ஒரு சிலிண்டரில் மட்டும் 'டொக் டொக்' என்று அடித்தால், ஒரு பைப்பைத் தளர்த்தியதும் சத்தம் நின்றால், அது நாசில், இல்லை அந்த எலிமெண்ட். டைமிங்கைத் தொடவே வேண்டாம்.

அட்வான்ஸ், அதாவது அடி முன்னாலேயே விழுவது, அதிகமாக இருந்தால் சத்தம் கரடுமுரடாக, இரும்புத் தகட்டில் சுத்தியல் தட்டுகிற மாதிரி இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் எதிர்த்து உதைக்கும். ஐடிலிங்கில் கடகடக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வண்டி முதலில் சுறுசுறுப்பாகப் போவது போலத் தெரியும். டிரைவருக்கு அது பிடித்தும் போகும். ஆனால் பிஸ்டன் மேலே ஏறி வரும்போதே எரிப்பு அழுத்தம் அதன் தலையில் இறங்குவதால் ஹெட் கேஸ்கெட், ரிங், பேரிங் மூன்றும் அடி வாங்கும்.

ரிட்டார்டாக, அதாவது அடி தாமதமாக, இருந்தால் காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. கண் எரியும் வெள்ளைப்புகை தள்ளும். பாரம் ஏறினால் கரும்புகை. சத்தம் மட்டும் பூப்போல இருக்கும். எரிய வேண்டியது சிலிண்டரில் எரியாமல் எக்ஸாஸ்ட் வரை எரிந்துகொண்டே போவதால் மேனிபோல்டும் டர்போவும் கொதிக்கும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். மார்கழிக் காலையில் இரண்டு நிமிடம் வெள்ளைப்புகை வந்து நின்றுவிட்டால் அதைக் குறையாக எடுக்காதீர்கள். இன்ஜின் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால்தான் பார்க்க வேண்டும்.

அறுவடைக் காலத்துக் கரும்புகைக்குக் காரணம் பெரும்பாலும் ஏர் ஃபில்டர். நெல் சுணையும் வைக்கோல் தூசியும் ஃபில்டர் மடிப்புக்குள் புகுந்து பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும். களத்தில் நிற்கும் லாரிக்கும் வயலில் ஓடும் மிஷினுக்கும் கோடை ஓட்டத்தின் சர்வீஸ் கணக்கு இங்கே பொருந்தாது. காற்று குறைந்தால் டைமிங் சரியாக இருந்தாலும் கரும்புகைதான்.

அதேபோல ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதி டேங்கோடு நின்ற வண்டிக்குள் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராக இறங்கும். வயலோரம் பேரலில் டீசல் வைத்து மிஷினுக்கு ஊற்றும் இடங்களில் இது இன்னும் மோசம். டீசல் லைனில் தண்ணீரைப் பிரிக்கும் செடிமெண்டரின் கிண்ணத்தைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் தெளிவான ஒரு அடுக்கு பிரிந்தால் தண்ணீர். அந்தத் தண்ணீர், எலிமெண்டுக்குள் ஏறி இறங்கி டீசலை அழுத்தும் பிளஞ்சரில் துருப்புள்ளி போட்டால் பம்பு கடைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆக டைமிங்குக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை: ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும், செடிமெண்டர், லைனில் காற்று, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் பம்பு லீவர் முழுக்கப் போகிறதா, வால்வு டாப்பெட் இடைவெளி, நாசில் அழுத்தமும் தெளிப்பும். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடினாலும் கிளட்ச் நழுவினாலும் "இழுக்கவில்லை" என்றுதான் டிரைவர் சொல்வார்.

நாசிலை டெஸ்டரில் அடித்துப் பார்க்கும்போது கையை முன்னால் கொண்டுபோகவே கூடாது. 200 பார் அளவில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும்தான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலை பார்க்காமல் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கையில் வேண்டியவை

வழக்கமான ரிங் ஸ்பானர்கள், டெலிவரி வால்வு ஹோல்டருக்கான பல் சாக்கெட், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச், கிராங்கைத் திருப்பக் கம்பி, ஸ்டீல் ஸ்கேல், டயல் கேஜ், மாஸ்கிங் டேப், ஒரு அன்னக்கழுத்துப் பைப். கடைசியானது வேறொன்றுமில்லை. பழைய நாசில் பைப் ஒன்றை 15 செ.மீ. அளவில் வெட்டி, ஒரு முனையில் நட்டோடு, மறுமுனை கீழே பார்க்க வளைத்தது. வெட்டிய வாயை அரம் போட்டுப் பிசிறு இல்லாமல் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சொட்டு ஒழுங்காக விழாது.

துடைக்கப் பருத்தி வேஸ்ட் கூடாது. அதன் ஒரு நூல் டெலிவரி வால்வு சீட்டில் உட்கார்ந்தால் அந்தச் சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகும். பிசிறு விடாத பழைய வேட்டித் துணி நல்லது. மூடியோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் வடிகட்டிய டீசல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். வண்டி சமதரையில், கியர் நியூட்ரலில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒருவர் ஃப்ளைவீல் ஓட்டையில் கையை வைத்திருக்க, இன்னொருவர் தெரியாமல் சாவியைத் திருப்பினால் விரல் போய்விடும்.

உச்சியைச் சரியாகப் பிடிப்பது

பாதி வேலை இதுதான். இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். ஃப்ளைவீலில் கோடு இருக்கிறதே என்று நம்பிவிடுவார்கள். கைமாறி வந்த வண்டியில் ஃப்ளைவீல் வேறு இன்ஜினுடையதாக இருக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகளில் பாயிண்டர் துருப்பிடித்து வளைந்தோ உதிர்ந்தோ போயிருக்கும். முன் புல்லியில் ரப்பர் டேம்பர் இருந்தால் வெளிவளையம் நழுவி, அதன் மேலிருக்கும் கோடும் நழுவியிருக்கும்.

ஃப்ளைவீல் ஓட்டையைக் கம்பி பிரஷால் தேய்த்து, கோட்டில் வெள்ளை பெயின்ட் தொட்டுவிடுங்கள். வால்வு கவரைக் கழற்றுங்கள். இன்ஜின் சுற்றும் திசையிலேயே கிராங்கைத் திருப்பிக்கொண்டு ஆறாம் சிலிண்டரின் வால்வுகளைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மூடி முடியவும் இன்டேக் திறக்கத் தொடங்கவும் ராக்கர் இரண்டும் ஒரே சமயத்தில் ஆடும் இடம் வரும். அதைத்தான் ராக்கிங் என்கிறோம். அப்போது முதல் சிலிண்டர் கம்ப்ரெஷன் உச்சிக்கு அருகில் நிற்கும், அதன் இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் ஆடும். இது 1-5-3-6-2-4 வரிசையில் எரியும் ஆறு சிலிண்டருக்கு. நாலு சிலிண்டரில் நாலாவது ராக்கிங் பார்க்க வேண்டும்.

கோட்டின் மேல் சந்தேகம் இருந்தால் பிஸ்டனையே அளக்கலாம். வால்வு நேராக நிற்கும் இன்ஜின்களில் முதல் சிலிண்டரின் ஒரு வால்வுக்கு ஸ்பிரிங்கைக் கழற்றி, தண்டில் ஒரு ஓ-ரிங்கை இறுக்கமாக மாட்டி, வால்வைப் பிஸ்டன் தலையில் உட்கார விட்டு, தண்டின் நுனியில் டயல் கேஜை வைக்க வேண்டும். உச்சிக்கு இருபுறமும் 20 டிகிரிக்கு மேல் திருப்பாதீர்கள். ஓ-ரிங் மாட்டாமல் அதற்கு மேல் திருப்பினால் வால்வு சிலிண்டருக்குள் விழும், பிறகு ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

டயல் கேஜ் முள் திரும்பும் இடத்தை மட்டும் பார்த்து "இதுதான் உச்சி" என்று குறிப்பதில் ஒரு மோசம் இருக்கிறது. உச்சியில் பிஸ்டன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். 120 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில் உச்சியிலிருந்து 1 டிகிரி விலகினால் பிஸ்டன் இறங்குவது ஏறக்குறைய 0.01 மி.மீ. 10 டிகிரி விலகினால்தான் 1 மி.மீ-ஐத் தாண்டும். முள்ளின் உச்சியைப் பிடித்தால் இரண்டு, மூன்று டிகிரி தவறுவது நிச்சயம். அதனால் உச்சிக்கு முன்னால் 1 மி.மீ. கீழே முள் நிற்கும் இடத்தில் ஃப்ளைவீலில் ஒரு கோடு, உச்சியைத் தாண்டி அதே 1 மி.மீ. கீழே இறங்கும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான டி.டி.சி. பழைய கோட்டோடு ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகவில்லை என்றால் பழையதை உளியால் வெட்டி அடித்துவிட்டு இதை ஆழமாகப் போடுங்கள்.

டிகிரிக் கோடு இல்லாவிட்டால் அளந்தே போடலாம். டேம்பர் இல்லாத புல்லியின் விட்டம் 220 மி.மீ. என்றால் சுற்றளவு 691 மி.மீ., அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 1.92 மி.மீ. 18 டிகிரிக்கு 34.6 மி.மீ. மாஸ்கிங் டேப்பில் இதைக் குறித்து, உச்சிக் கோட்டிலிருந்து புல்லியின் வளைவோடு ஒட்டினால் போதும். விட்டத்தை அளப்பதைவிட நூலைச் சுற்றிச் சுற்றளவையே அளப்பது மேல். டேப்பை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதில் குழம்பாதீர்கள். இன்ஜின் திசையில் திருப்பும்போது பாயிண்டருக்கு முதலில் 18, பிறகு 0 வர வேண்டும்.

ஸ்பில் கட்-ஆஃப்: இப்போது எங்கே நிற்கிறது

பம்பிலிருந்து ஒழுகும் டீசல் எந்த டிகிரியில் நிற்கிறது என்று பார்த்து டைமிங்கை அளப்பதுதான் ஸ்பில் முறை. பம்பின் மேலும் சுற்றிலும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் திறக்க வேண்டும். முதல் எலிமெண்டின் நாசில் பைப்பைக் கழற்றி, டெலிவரி வால்வு ஹோல்டரை எடுத்து, ஸ்பிரிங்கையும் வால்வையும் வெளியே எடுத்துக் கிண்ணத்து டீசலில் போட்டு மூடுங்கள். சீட் உள்ளேயே இருக்கட்டும். வால்வும் சீட்டும் ஜோடியாக இழைத்தவை, வேறு சிலிண்டரின் வால்வோடு மாற்றிப் போட்டால் சேராது. ஹோல்டரைத் திரும்பப் பூட்டி, அதில் அன்னக்கழுத்துப் பைப்பை மாட்டுங்கள்.

ஒவ்வொரு எலிமெண்டும் இரண்டு நட்டு போட்ட ஃபிளாஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரிய பம்பு என்றால் அந்த இரண்டு நட்டையும் தொடவே கூடாது. அவை அந்தச் சிலிண்டரின் டெலிவரி அளவைத் தீர்மானிப்பவை. தளர்ந்தால் பம்பு கடையில் பெஞ்சில் ஏற்றித்தான் சரிசெய்ய முடியும்.

ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், ஆக்ஸிலேட்டர் லீவரை முழுக்கத் தள்ளிக் கட்டிவிடுங்கள். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பியான ராக் ஸ்டாப்பில் இருந்தால் பிளஞ்சரின் நேர்வெட்டு, டீசல் புகும் துளையான போர்ட்டுக்கு நேராக நிற்கும். எவ்வளவு திருப்பினாலும் டீசல் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். "ஸ்பில் கட் ஆகவே மாட்டேங்குது" என்று பம்பைக் குறை சொல்லும் இடங்களில் பல முறை காரணம் இதுதான்.

கிராங்கை உச்சிக்கு ஏறக்குறைய 60 டிகிரி முன்னால் கொண்டுபோய் வையுங்கள். கைப்பம்பை அடித்தால் அன்னக்கழுத்து வாயிலிருந்து பென்சில் கனத்துக்குத் தாரையாக டீசல் விழும். ஒருவர் அடித்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் கிராங்கை இன்ஜின் திசையில் மெதுவாகத் திருப்ப வேண்டும். ஆள் இல்லையென்றால் ஒரு சின்ன டேங்கை ஒரு மீட்டர் உயரத்தில் கட்டி அதிலிருந்து பம்பு கேலரிக்கு ஓஸ் கொடுக்கலாம். அது இன்னும் நிதானம்.

பிளஞ்சர் ஏறி போர்ட்டை மூட மூடத் தாரை மெலியும், நூலாகும், பிறகு அறுந்து சொட்டாகும். அந்த இடத்தில் அவசரம் கூடாது. கம்பியை விரல் அளவு தட்டித் தட்டித்தான் திருப்ப வேண்டும். 10 முதல் 15 செகண்டுக்கு ஒரு சொட்டு என்று வந்ததும் நிறுத்துங்கள். போர்ட் மூடிய இடம், டெலிவரி தொடங்கும் இடம் அதுதான். பாயிண்டருக்கு நேராக எத்தனை டிகிரி என்று படித்து எழுதுங்கள்.

தாண்டிவிட்டால் அங்கிருந்தே கொஞ்சம் பின்னால் திருப்பிப் படிக்கக் கூடாது. கியர்ப் பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். மறுபடி 60 டிகிரிக்குப் பின்னால் போய் முன்னோக்கித்தான் வர வேண்டும். மூன்று முறை எடுங்கள். மூன்றும் அரை டிகிரிக்குள் ஒத்து வராவிட்டால் கப்ளிங் தகடு, டிரைவ் கியரை ஷாஃப்ட்டில் பிடிக்கும் கீ, அட்வான்ஸ் யூனிட் மூன்றில் ஒன்றில் ஆட்டம் இருக்கிறது. ஆட்டத்தோடு டைமிங் வைப்பது ஓடும் பரிசலில் கோடு கிழிப்பது மாதிரி.

அளவு புத்தகத்தோடு ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போனால் வால்வையும் ஸ்பிரிங்கையும் போட்டு மூடிவிடுங்கள். இது டைமிங் கோளாறு அல்ல.

நகர்த்துவது

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பம்பு ஒரு சுற்று. எனவே கிராங்கில் 3 டிகிரி வேண்டுமென்றால் பம்பில் 1.5 டிகிரிதான் நகர்த்த வேண்டும். கப்ளிங்கில் போட்டிருக்கும் கோடுகள் எந்தக் கணக்கில் என்று பார்க்காமல் "மூணு கோடு தள்ளு" என்றால் 6 டிகிரி போய்விடக்கூடும்.

கணக்கில் குழம்பாமல் வைக்க ஒரு வழி உண்டு. கிராங்கை முன்னோக்கித் திருப்பிப் புத்தகத்தில் உள்ள டிகிரியில், சரியாகப் பாயிண்டரில், நிறுத்துங்கள். கப்ளிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்பு ஷாஃப்ட்டை அது சுற்றும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் தாரை விழும். பிறகு சுற்றும் திசையில் மெதுவாகத் தள்ளித் தாரை சொட்டாக மாறும் இடத்தில் பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்குங்கள்.

ஃபிளாஞ்சில் உட்காரும் பம்பில் ஷாஃப்ட் நகராது, பம்பு உடம்பைத்தான் சாய்க்க வேண்டும். ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக உடம்பைச் சாய்த்தால் அட்வான்ஸ், அதே திசையில் சாய்த்தால் ரிட்டார்ட். ஆறு பைப்புகளையும் இரண்டு முனையிலும் தளர்த்திவிட்டுத்தான் சாய்க்க வேண்டும். இழுபட்ட பைப் சில நாளில் நட்டு ஓரத்தில் விரிசல் விடும்.

இறுக்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இறுக்கும்போதே அரை, ஒரு டிகிரி நகரும். 60 டிகிரி பின்னால் போய் மறுபடி ஸ்பில் எடுத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

போல்ட் நகரும் நீள ஓட்டையான ஸ்லாட் முழுக்கத் தள்ளியும் டிகிரி எட்டவில்லையா? கியர் பல் மாறி விழுந்திருக்கிறது. பம்பு கியரில் 60 பல் என்றால் ஒரு பல்லுக்குப் பம்பில் 6 டிகிரி, கிராங்கில் 12 டிகிரி. ஸ்லாட்டை அரம் போட்டு நீட்டி ஒப்பேற்றுவது சில பட்டறைகளில் நடக்கிறது. பிடிப்பு குறைந்து அந்தப் பம்பு வழியிலேயே நழுவும். டைமிங் கவரைத் திறந்து கோட்டுக்குக் கோடு சேர்ப்பதுதான் வழி. அப்போது ஐட்லர் கியரின் கோடுகள் சேரவில்லை என்று பதற வேண்டாம். ஐட்லரின் பல் எண்ணிக்கையால் அந்தக் கோடுகள் பல சுற்றுக்கு ஒருமுறைதான் சந்திக்கும். திருப்பிக்கொண்டே இருந்தால் வந்துவிடும்.

பம்பை இறக்கி ஏற்றிய வண்டி செல்ஃப் அடித்தும் பற்றாமல், சைலன்சரில் டீசல் வாடையோடு வெள்ளையாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், ஒரு முழு கிராங்க் சுற்று மாறியிருக்கும். ஆறாம் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்கும்போது முதல் சிலிண்டருக்கு டீசல் போகிறது. ராக்கிங் பார்க்காமல் ஃப்ளைவீல் கோட்டை மட்டும் பார்த்து ஏற்றினால் வரும் தப்பு இது.

மூடுவதும் முதல் ஸ்டார்ட்டும்

வால்வையும் ஸ்பிரிங்கையும் டீசலில் அலசி அதே இடத்தில் போட்டு, புதிய வாஷர் வைத்து, ஹோல்டரைப் புத்தகத்தில் சொன்ன டார்க்கில் மட்டும் இறுக்குங்கள். நீள ஸ்பானரில் தம் பிடித்து இறுக்கினால் கீழே பேரல் நெளியும். பிளஞ்சர் சிக்கும். ராக் ஃபுல்லில் சிக்கிக்கொண்டால் இன்ஜின் ஸ்டாப்புக்குக் கட்டுப்படாமல் ஏறிக்கொண்டே போகும்.

அதனால் பம்பைத் திறந்த எந்த வேலைக்குப் பிறகும் முதல் ஸ்டார்ட்டில் ஏர் இன்டேக் வாயைக் கழற்றிவைத்து, அதை மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆர்.பி.எம் ஓடிவிட்டால் பலகையால் வாயை அடைத்தால் இன்ஜின் மூச்சுமுட்டி நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காற்று எடுக்கும் வரிசை: முதலில் ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூ, பிறகு பம்பு கேலரி ஸ்குரூ. குமிழி நின்று நேர்த்தாரை வரும் வரை கைப்பம்பு. பிறகு நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப்பார்த்ததும் இறுக்குங்கள். செல்ஃபை ஒரு மூச்சில் 15 செகண்டுக்கு மேல் அடிக்காமல் இடையில் ஆற விடுங்கள்.

சூடான பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் பாரத்தோடு. டெல்டாவில் இது கொஞ்சம் சிரமம். எங்கு பார்த்தாலும் தட்டுத்தரை. மேடு என்றால் ரயில்வே மேம்பாலமும் ஆற்றுப் பாலத்து ஏற்றமும்தான். தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வல்லம் மேடு இருக்கிறது. ஏற்றத்தில் நாலாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். லேசான சாம்பல் புகையோடு, ஒரே சீரான சத்தத்தோடு இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். கடகடவென்று அடித்தால் முன்னால் இருக்கிறது. கரும்புகையோடு மூச்சு வாங்கினால் பின்னால் இருக்கிறது, இல்லை நாசிலோ காற்றோ. கதிர் மிஷினுக்கு இந்தச் சோதனை வேறு. அது ஓடும் நிலையான ஆர்.பி.எம்-ல் பயிருக்குள் இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

பைப்பில் மாட்டும் கிளாம்ப் சென்சாரோடு டைமிங் லைட் இருந்தால் அட்வான்ஸ் யூனிட் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். ஐடிலிங்கிலிருந்து வேகம் ஏற ஏற கோடு சீராக முன்னுக்குப் போய், இறங்கும்போது அதே மாதிரி திரும்ப வேண்டும். துள்ளினால் ஸ்பிரிங் போய்விட்டது. ஆனால் லைட் காட்டும் எண்ணை ஸ்பில் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். இது பைப்பில் அழுத்தம் ஏறும் நேரம், அது போர்ட் மூடும் நேரம். இரண்டும் ஒன்றாக இருக்காது.

500 கிலோமீட்டர் ஓடியதும் கப்ளிங் போல்ட்டுகளை ஒருமுறை டார்க் பார்த்து, போல்ட்டுக்கும் கப்ளிங்குக்கும் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த தடவை யாராவது தொட்டிருந்தால் அந்தக் கோடே காட்டிக்கொடுக்கும்.

மைலேஜுக்காக அட்வான்ஸ் தள்ளுவது

"ரெண்டு டிகிரி முன்னால வைங்க, மைலேஜ் கூடும்" என்று கேட்காத ஓனர் குறைவு. தேய்ந்த பம்பில் இப்படிச் செய்தால் கொஞ்சம் இழுவை கூடுவது உண்மைதான். பிளஞ்சர் தேய்ந்தால் தொடக்கத்தில் டீசல் பக்கவாட்டில் கசிந்து நிஜமான அடி தாமதமாகிறது, அட்வான்ஸ் அதை ஈடுகட்டுகிறது. ஆனால் அது தேய்மானத்தை மறைக்கும் வேலை. எலிமெண்ட் மாற்றிய அன்று பழைய அட்வான்ஸ் அப்படியே இருந்தால் இன்ஜின் அடிக்கத் தொடங்கும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் புத்தக அளவைத் தாண்டித் தள்ளினால் டீசலில் மிச்சம் பிடித்ததை ஹெட் கேஸ்கெட்டுக்கும் ரிங்குக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் ஓட்டுபவர்களுக்கு எந்த டைமிங்கும் நிற்காது. பிளஞ்சருக்கு மசகே டீசல்தான், மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு இல்லை.

ரோட்டரி பம்பும் காமன் ரெயிலும்

சிறிய லாரிகளில் வரும் ரோட்டரி பம்புக்கு ஸ்பில் முறை ஒத்துவராது. பம்புத் தலையின் நடு பிளக்கைக் கழற்றி டயல் கேஜ் மாட்டி, கிராங்க் குறித்த இடத்தில் நிற்கும்போது பிளஞ்சர் எத்தனை மி.மீ. தூக்கியிருக்கிறது என்று அளந்து, உடம்பைச் சாய்த்து வைக்க வேண்டும்.

புகைக் கட்டுப்பாட்டு விதிகளான பி.எஸ் 4 2017-ல் நாடு முழுக்கவும், பி.எஸ் 6 2020-லும் வந்த பிறகு லாரிகள் பெரும்பாலும் காமன் ரெயிலுக்குப் போய்விட்டன. அங்கே பம்பு அழுத்தம் மட்டும்தான் கொடுக்கிறது. எப்போது அடிப்பது என்பதை இ.சி.யு. என்ற இன்ஜின் கணினி, கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும் பார்த்து ஒவ்வொரு அடிக்கும் முடிவு செய்கிறது. கையால் திருப்ப அங்கே ஒன்றுமில்லை. டைமிங் போன மாதிரி தெரிந்தால் சென்சார் நுனியில் ஒட்டிய இரும்புத்தூள், சென்சார் இடைவெளி, சாக்கெட்டில் ஏறிய மழைத்தண்ணீர், சென்சார் படிக்கும் டோன் வீலின் பல் இவற்றைத்தான் ஸ்கேனரோடு பார்க்க வேண்டும். முக்கியமாக, இன்லைன் பம்பில் செய்வது போல ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று தேடவே கூடாது. ரெயிலில் நிற்பது 1000 பாரைத் தாண்டிய அழுத்தம். இன்ஜினை நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்கிவிட்டதா என்று ஸ்கேனரில் பார்த்துவிட்டுத்தான் ஸ்பானர் வைக்க வேண்டும்.